நான்காவது சீட்டு

தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி ஊமையாகிவிடும்.
நாற்பதாம் நாள்
வேலையாட்களும் பிள்ளைகளும்
மீன்கவிச்சி போகாத லோடு வண்டியில் ஏறி
கீழக்கரை நகராட்சிப் பூங்காவுக்குப் போனோம்.
செலவு முதலாளியுடையது.
ஏற்பாடு கணக்கெழுதுகிற நைனா, அதாவது நான்.

புதையல் வேட்டை.
நான்கு சீட்டு, நான்கு விடுகதை,
கடைசியில் ஒரு தூக்குவாளி நிறையத் தொதல்.
முந்தைய வாரம் முழுக்கச் சாயங்காலம்
தனியாய் வந்து இடம் பார்த்தேன்.
தனியாய் என்றால், கையில் போன்.
போனில் முதலாளி.

முதல் சீட்டு வாதாமரத்தில்.
இரண்டாவது:
'விட்டால் தண்ணீர், உடைத்தால் காசு.'
பாதி படிக்கும்போதே "ஐஸு!" என்று கத்திவிட்டன.
எங்கள் பிள்ளைகளுக்கு அதுவெல்லாம் ஒரு விடுகதையா?
குச்சி ஐஸ் வண்டிக்காரர் மூன்றாவதை நீட்டினார்,
அது பறவைக் கூண்டுக்கு அனுப்பியது.

'சீண்டாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள்,
மனிதர்கள் படிக்கிற உயரத்தில்.
கிளிகளுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.
கம்பியில் சிவப்பு நூலால் நான் கட்டிய சீட்டை
கொண்டைக்கிளி ஒன்று
முடிச்சை அவிழ்த்து
உள்ளே இழுத்துப் போட்டது.
அறுக்கவில்லை, அவிழ்த்தது.
வலைக்காரன் வீட்டில் பிறந்திருக்க வேண்டியது.

பிறகு காதல் கிளிகள் இறங்கின.
காகிதத்தை நீளநீளமாய்க் கிழித்து
ஆளுக்கொரு கீற்றை
வால் இறகில் செருகிக்கொண்டு
கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி
எழும்பிப் பறந்தன.
என் விடுகதை எட்டு வாலில் சுற்றியது.

"அந்தா, 'வாய்'னு ஒண்ணு போகுது!"
"'பேச்சில்லை', பச்சைக் குருவி வாலுல!"
மபாசா கம்பியில் நெற்றியைப் பதித்து
கடைசியாக ஒரு வாலை வாசித்தாள்:
"மணல்."
மணலா?
இந்தக் கரையில் மணல் இல்லாத இடம் எது?
இருபது பிள்ளைகள் பூங்காவைத் தோண்டத் தொடங்கின.
காவல்காரர் விசிலை வாயில் வைத்தபடி
எங்கே ஊதுவதென்று தெரியாமல் சுழன்றார்.
கச்சான் காற்று எல்லார் கண்ணிலும் பூங்காவை வீசியது.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்,
அந்தச் சாம்பல் கிளி பேசும்வரை.
வால் மட்டும் வெற்றிலை போட்ட வாயாய்ச் சிவந்தது.
இவ்வளவு நேரமும் மூலையில்
ஒற்றைக்காலில், வட்டிக்கு விட்டவர் மாதிரி நின்றது.
தொண்டையைச் செருமியது.
என் செருமல்.

"சரி முதலாளி."
என் குரல்.
"சொல்லல முதலாளி. யார்ட்டயும் சொல்லல."

கூட்டமே சிரித்தது.
"நைனா அண்ணே, கிளி ஒங்கள மாதிரியே பேசுது!"
ஐஸ் பார் தள்ளுகிற நம்புகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
"புதையல் எங்கன்னு இதுக்குத் தெரியுமாக்கும்.
கேளுங்கடா, கேளுங்க!"
பிள்ளைகள் மண்கையோடு ஓடிவந்து கெஞ்சின.
கிளி தலையைச் சாய்த்தது, யோசித்தது,
அடுத்த சாயங்காலத்துக்குத் தாவியது:
"அப்ப தெறக்கவே மாட்டீகளா?"

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.
கூண்டைத்தான் சொல்கிறது என்றான் ஒருவன்.
பாவம், என்றாள் ஒருத்தி.
பாகம்பிரியாள் மட்டும் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு வருடமாய்ப் பெட்டிக்கு ஐஸ் நொறுக்கிப் போடுகிறவள்.
கிளியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
நான் செருமப் போய்
நிறுத்திக்கொண்டேன்.

அந்நேரம்
சீட்டும் தெரியாத, எழுத்தும் தெரியாத
அவளுடைய மூன்று வயதுப் பேரன்
தீயணைப்பு வாளியிலிருந்து மணலை அள்ளி அள்ளித்
தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.
வாயுண்டு, பேச்சில்லை, வயிறெல்லாம் மணல்.
தூக்குவாளி மூடி பளபளத்தது.

தொதலைப் பனையோலையில் பங்கு வைத்தது அவள்தான்.
எல்லாருக்கும் கொடுத்தாள்.
எனக்கும்.
பெரிய துண்டு.
பல்லோடு பல்லை ஒட்டிவிடும் அளவுக்குப் பெரிய துண்டு.
"தின்னுங்க" என்றாள்.
"தின்னு முடிச்சிட்டுச் சொல்லுங்க."