பழைய சர்வரில் முப்பது வெள்ளி

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் குடிபெயர்ப்பு.
கட்டில் இல்லை, சட்டி இல்லை,
லாரியும் வேண்டியிருக்கவில்லை.
மரண சகாய நிதிச் சங்கம்:
அறுநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்,
அவரவர் சந்தா, அவரவர் வாரிசு,
எந்தப் படத்திலும் கண்ணை மூடியிருக்கும் தலைவர்.
பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு
நாற்பது நிமிடம்.
கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடை நாய்
ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

திறந்து பார்த்தேன்.
பெயர்கள் இருந்த வரிசையில்
தொப்பி வைத்த அந்நிய எழுத்துகள் நின்றன.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
வட்டத்துக்குள் ஓர் ஆர்,
எங்கள் ஆட்களை எவனோ
தன் சரக்காகப் பதிந்துகொண்டதுபோல்.
சன்னாசியைச் ‘சனசி’ என்று
பிறப்புப் பத்திரத்தில் எழுதிய கிராணிகூட
இவ்வளவு தூரம் போனதில்லை.
எல்லாவற்றையும் அழித்து,
இது யூனிகோடு என்று
ஆரம்பத்திலேயே சொல்லி, மறுபடி ஏற்றினேன்.
ஒன்றரைக்குச் சன்னாசி சன்னாசி ஆனார்.

இரண்டு மணிக்குப் படங்கள் மறுத்தன.
நான் கட்டிய கோப்புறை
என்னையே யார் என்று கேட்டது.
அனுமதி எண்ணை மாற்றினேன்.
மூன்றுக்குப் பூட்டுச் சின்னம் வந்தது.
தலைவர் மூடிய கண்ணோடு வந்தார்.
தூங்கினேன்.

காலையில் பொருளாளர் துரைக்கண்ணு.
‘என் போன்ல பழசுதான் தெரியுது லா.
கிள்ளான்ல மகளுக்குப் புதுசு தெரியுதாம்.’
புது முகவரி எல்லாத் திசைக்கும் போய்ச் சேர
ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும் அங்கிள்.
‘அதெப்படி? மாத்துனா மாத்துனதுதானே?’
நம்ம ஊருக்குப் பேர் மாத்தினாங்களே,
பெஸ்தாரி ஜெயா.
‘அது எவனுக்குத் தெரியும்?
பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாத்தான்…’
நிறுத்தினார்.
‘ஓ’ என்றார்.

ஞாயிறு மாலை செம்பனை லாரி ஒன்று
ஜன்னலை உலுக்கிப் போன சத்தத்தில்
அவர் முதலில் சொன்னது கேட்கவில்லை.
தனக்கோடி.
மனைவி புஷ்பலீலா மதியம் தவறிவிட்டார்.
‘மூணு மாசம் பாக்கி, உறுப்பியம் ரத்துன்னு காட்டுதும்மா.
நேத்துக் காலையிலேயே கட்டிட்டேன்,
தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில
லிஃப்டு பக்கத்துல நின்னு.
அவதான் சொன்னா, கட்டிடுங்கன்னு.’

புதியதில் தேடினேன். இல்லை.
எப்படி இருக்கும்?
பழைய வீட்டைப் பூட்டாமல் வந்தவள் நான்.
‘பராமரிப்பில் உள்ளது’ என்று ஒரு பலகை,
ஒரே வரி,
அதை மாட்ட மறந்தவள்.
திங்கள் நள்ளிரவோடு
இடித்துவிடுவதாய் இருந்தேன்.

உள்ளே போனேன்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
சனிக்கிழமை, காலை 7.42.
முப்பது வெள்ளி.
புஷ்பலீலா த/பெ சன்னாசி.
ஓர் எழுத்தும் சிதையவில்லை.
அவருக்குக் கீழே இன்னும் பதினொரு பேர்,
ரசீது வாங்கிய நிம்மதியில்
இந்நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

பன்னிரண்டு வரிகளையும் கையால் தட்டினேன்,
ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து.
துரைக்கண்ணு அங்கிள் இரவோடு இரவாக
உறையில் பணத்தைக் கொண்டுபோனார்.
‘சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிட்டேன்.’
இல்ல அங்கிள், என் கோளாறு.
கேட்காததுபோல் தே ஓ-வை உறிஞ்சினார்.

திங்கள் இரவு
அழிக்கும் பொத்தானின் மேல் விரல்.
கடைசியாக ஒரு தடவை பதிவேட்டைப் பார்த்தேன்.
9.16. ஏதோ ஒரு பழைய போன்.
பழைய வாசலில் நின்று
யாரோ கடவுச்சொல்லைத்
தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு மாத வாடகை நாற்பத்தொன்பது வெள்ளி.
என் கார்டில் கட்டினேன்.
பலகையையும் மாட்டினேன்:
புது இடத்துக்கு வழி,
ஓர் அம்புக்குறி,
என் கைப்பேசி எண்.