ரப்பர் காய் வெடிக்கும் மாதம்

ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்.
ஆசாரிப்பள்ளத்தில் மூன்று நாள் பயிற்சி,
பருப்பு வடை, டீ,
கழுத்தில் தொங்க ஓர் அட்டை.
குழித்துறை தாண்டி இறங்கி
ரப்பர் தோட்டத்தின் ஓரமாகவே நடந்தால்
முகாம்.

ஏழாவது வரிசையில் கடைசி வீடு.
வீடு என்றுதான் படிவத்தில் இருக்கிறது.
பத்துக்குப் பத்து. குறுக்கே ஒரு சேலை.
சேலைக்கு அந்தப் பக்கம்
மருமகளும் கைக்குழந்தையும் மூச்சுவிடுவது கேட்கிறது.

சந்தியோகு. வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் பேசாலை.
தொழில் பெயின்ட் அடிப்பது.
நக இடுக்குகளில்
யார் யாரோ கட்டிய வீடுகளின் நிறம்.

“கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா?”
என் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
“ரெண்டு கிழமையோ, பிள்ளை?
முப்பத்திநாலு வருசத்தில
எந்த ரெண்டு கிழமை?”

“மனச்சோர்வு?”
“அப்பிடி ஒண்டுமில்லை. யோசினைதான்.”
“என்ன யோசனை?”
“யோசினை, பிள்ளை. அது ஒண்டைப் பற்றி இல்லை.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
எங்கள் ஊரில் யோசனை என்றால்
நாலு சென்ட் வாங்கலாமா, மேல்மாடி எடுக்கலாமா.
அவர் யோசினை
நெஞ்சில் கல்லாய்க் கிடந்து இரவில் புரள்வது என்று
அப்போது எனக்குத் தெரியாது.
இருவரும் பேசியது தமிழ்தான்.

நான்காவது கேள்வியில்
வெளியே ஒரு காய் வெடித்தது.

ஆவணி வெயிலில் ரப்பர் காய் வெடிப்பது
எங்களுக்குக் காகம் கரைவது போல.
சந்தியோகு தரையில் கிடந்தார்.
ஒரு கை தலைமேல், மறு கை
சேலைக்கு அடியில் குழந்தையின் பாயைத் தேடியது.
“ரப்பர் காயாக்கும், அண்ணே. பேடிக்காதுங்க”
என்றேன். அதைவிட அசட்டுத்தனமாய்
நான் எதுவும் சொன்னதில்லை.
காய் என்று அவருக்கா தெரியாது?
அவர் உடம்புக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பயிற்சியில் இதற்குப் பக்கமில்லை.
நானும் தரையில் உட்கார்ந்தேன்.
அடுத்தது வெடித்தது.
இன்னொன்று.
புஸ்பமலர் அக்கா பிளேன்டீ கொண்டுவந்து
இரண்டு பேருக்கும் நடுவில், தரையிலேயே வைத்தார்,
இந்த வீட்டில் எல்லோரும்
இப்படித்தான் உட்காருவார்கள் என்பது போல.

மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வரச் சொன்னேன்.
புதன்கிழமை கணக்கெடுப்பு, கையெழுத்து வைக்க வேண்டும்;
வியாழன் வேலை; வெள்ளி வந்தார்.
டாக்டரிடம் நான் சொன்னது இரண்டு சொல்தான்:
“யோசினை, சார். சோர்வு இல்ல.”
அவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்,
“வித்தியாசம் என்னம்மா?”
எனக்கும் சரியாய்ச் சொல்ல வரவில்லை.

மறுமாதம் போனபோது
வாசல்படியில் பதினொரு காய்கள்
வெயில் பார்த்து வரிசையாய் இருந்தன.
“தோட்டத்தில பொறுக்கினனான்.
எது எப்ப வெடிக்குமெண்டு இருந்து பாக்கிறன்.
நான் வைச்சதெண்டால்
கொஞ்சம் பரவாயில்லை.”
டப்பென்று ஒன்று தெறித்தது.
தோள் குலுங்கியது. எழவில்லை.
பத்து, என்றார்.

இரவில் இன்னும் தரைக்குத்தான் போகிறார்,
அக்கா சொன்னார்.
‘மொத்தம்’ என்ற இடத்தை வெறுமையாய் விட்டதற்கு
அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தம்மாமிலிருந்து என் தம்பி.
எட்டு பேர் படுக்கும் அறை, பாஸ்போர்ட் முதலாளி கையில்.
“எங்கடே இருக்கே?”
“கேம்ப்லதான்.”
வழக்கமாய்ப் பணம் வந்ததா என்று கேட்பேன்.
மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது
கேட்டேன்:
“யோசனை ஏதும் உண்டாடே?”

லைன் கட்டாகவில்லை.
அவன் பேசவுமில்லை.