இருபத்தொன்பது நிமிடம்

மார்கழி. ஸ்ரான்லி வீதியில் கணுக்காலளவு வெள்ளம்.
தனியார் ஆஸ்பத்திரி, கீழ்த்தளம், பில் கவுண்டர்.
கண்ணாடியில் என் வாய்க்கு நேரே ஒரு வட்ட ஓட்டை.
எல்லாரும் அதற்குக் குனிந்துதான் கதைப்பார்கள்.

எனக்கு நரம்பு தேடத் தெரியாது,
கனுலா ஒட்டத் தெரியாது.
தெரிந்தது இரண்டு நேரங்கள்:
சேலைன் தொடங்கியது, சேலைன் முடிந்தது.
இடையில் கிடப்பது மணித்தியாலம். அதற்கு விலை இருக்கிறது.
அரைமணிக்குக் குறைந்தால் போத்தலுக்கு மட்டும் காசு,
கவனிப்புக் கட்டணம் இல்லை.
முகாமையாளர் ஒட்டிவைத்த மஞ்சள் தாள் அப்படிச் சொல்கிறது,
கணினியும் அதையே நம்புகிறது.

ஆவணியில் வேறு ஆட்கள் வருவார்கள்.
திருவிழாவுக்கு வந்த ரொறன்ரோக்காரர்,
வெயில் களைப்புக்கு மஞ்சள் விற்றமின் ஏற்றி,
கையில் பஞ்சோடு வந்து சிரிப்பார்கள்.
"தங்கச்சி, இன்சூரன்சுக்கு
நீரிழப்பு எண்டு போட்டுவிடுங்கோ."
போட்டேனா என்று கேட்காதீர்கள்.

சவரிநாயகம், ஐம்பத்தெட்டு வயது, நெடுந்தீவு.
டெங்கு, ஐந்தாம் நாள்.
பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழேயும் ஆள் என்று
மருமகன் இங்கே தூக்கி வந்திருந்தான்.
மனைவி ஓட்டைக்குக் குனிந்தா.
பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டை, அடகுச்சீட்டு.
"பிள்ளை, இது என்ன தண்ணி?"
"உப்புத்தண்ணி, அம்மா."
"எங்கட கிணத்திலயும் அதுதானே!"
சிரித்தது அவ இல்லை. நான்தான். பிறகு வெட்கமாயிருந்தது.

மூன்று மணிக்குத் தாள் கீழே வந்தது.
தொடக்கம் 9.10. முடிவு வெறுமை.
வெறுமையைக் கணினி வாங்காது.
மேலே தொலைபேசி எடுத்தேன், யாரும் தூக்கவில்லை.
பேனையை எடுத்து 9.39 என்று எழுதினேன்.
இருபத்தொன்பது நிமிடம்.
பில் சுருங்கியது. தாள் மேலே போனது.
தேத்தண்ணி அன்று நல்லாயிருந்தது.

ஏழு மணிக்கு மிஸ்ஸி கோகிலவதனி
லிஃப்டுக்கு நிற்காமல் படியால் இறங்கி வந்தா.
ஓட்டைக்கு அவ குனியவில்லை.
கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தா.

"ஐநூறு மில்லி. அரை மணித்தியாலம் கூட இல்லை.
ஆர் ஏத்தினது?"

நான் மஞ்சள் தாளைப் பார்த்தேன்.

"புது டொக்ரர் இதை வாசிச்சிட்டு
அடுத்த போத்தலை நிப்பாட்டிப் போட்டார்.
நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிருக்கும் எண்டு பயந்து.
அந்தாளுக்கு நாடி நூலாப் போய்க் கிடக்கு.
நிமிசத்துக்கு முப்பத்திமூண்டு துளி,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை,
பக்கத்தில நிண்டு எண்ணினனான்.
முடிஞ்ச நேரம் எழுத மறந்தது என்ர பிழை.
ஆனா நீ எழுதினது?"

"பாவமெண்டு..." என்றேன்.

"இரங்கிறதெண்டால்
உன்ர பேர்சுக்குள்ள இருந்து இரங்கு.
அவற்ற தாளில இரங்காத."

மேலே போத்தல் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது.
விடியப்புறம் நாடி கைக்குத் தட்டுப்பட்டதாம்.
அதைச் சொன்னது கூட்டிப் பெருக்கும் பொடியன்,
மிஸ்ஸி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

திருத்தும் முறையை அன்றிரவே காட்டியிருந்தா:
மை பூசி அழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது.
ஒரே கோடு. கீழே உள்ளது வாசிக்கக்கூடியதாய் இருக்கவேணும்.
பக்கத்தில் சரியான நேரம், 2.10.
கையொப்பம் இரண்டு பேரும்.

ஐந்து மணித்தியாலம். பில் நிமிர்ந்து எழும்பியது.
பேர்சில் ஆயிரத்து நானூறு இருந்தது எனக்கு.
ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது. கட்டினேன்.
மிச்சத்துக்கு அந்த அம்மா
இன்னொரு அடகுச்சீட்டோடு வந்தா,
எண்ணி வைத்தா, றிசீற்றை நாலாய் மடித்தா,
குறிகட்டுவான் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டா.

கோப்பு என் அலுமாரியில்தான் இருக்கிறது.
சில நாள் திறந்து பார்ப்பேன்.
கோட்டுக்குக் கீழே, என் கையெழுத்தில்,
தெளிவாக, 9.39.