மூன்றில் ஒன்று

இட்டிகனில், கந்தோரின் மூன்றாம் மாடியில்
முழு நாட்டையும் திரையில் விரித்து வைத்து
நான் செய்யும் வேலை நிறம் பூசுவது.
நகரக் கருவுக்குக் கடுஞ்சிவப்பு, சுற்றிவர இளஞ்சிவப்பு,
மிச்சம் வெள்ளை.
வெள்ளை என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல,
அதையும் எழுதியிருக்கிறோம், அடியில், பொடி எழுத்தில்.

இந்தச் சேர்க்கைக்கு ஜெர்மனில் ஒரு சொல்.
பிரெஞ்சில் அதே சொல், மூக்கால்.
எனக்கென்று நான் வைத்திருப்பது: திரள்.
கடையக் கடைய மோரின் மேல்
தயங்கித் தயங்கி ஒட்டிக்கொள்ளுமே, அது.
திரண்டு வருகிறபோதுதான் தாழி உடையும் என்று
கோரினுக்குச் சொன்னேன்.
தாழி யார் செலவு, மாநிலமா மத்தியா என்றாள்.

ஒரு கிராமம் எப்போது நகரத்தைச் சேர்கிறது?
வயலில் கொங்கிரீட் விழும்போதல்ல.
வேலைக்குப் போகிறவர்களில் மூன்றில் ஒருவர்
காலையில் பேர்ன் பக்கம் முகம் திருப்பினால் போதும்.
பிறகு பஸ்ஸுக்குக் காசு வரும்,
சைக்கிள் பாதை வரும்,
நாலு மாடிக்கு அனுமதி கேட்டு
யாரோ ஒருவர் டை கட்டிக்கொண்டு வருவார்.

செவ்வாய்க்கிழமை புதுக் கணக்கு வந்தது.
ஹெல்மிஸ்ரீட்: உழைப்போர் முந்நூற்றுப் பன்னிரண்டு,
அதில் நகருக்குப் போவோர் நூற்று நான்கு.
மறுபடி வகுத்தேன். மீதி இல்லை.
போன முறை ஒரு தலை குறைந்திருந்தது.

வாடகை மலிவென்று மார்கழிப் பனியில்
அங்கே குடிபோனவள் நான்.
ஆறு நாற்பத்திரண்டு பஸ்ஸில்
சாரதிக்குப் பின்னால்
ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்திருப்பவள்.

பக்கத்து வீட்டு ரூஃபெனாக்ட்
மாட்டுக் கொட்டிலில் பதாகை கட்டியிருக்கிறார்:
"நாங்கள் எவர்க்கும் புறநகர் அல்ல."
இரண்டு ஆணி, ஒரு பழைய படுக்கை விரிப்பு.
முதல் நாள் பெட்டி தூக்க அவர்தான் வந்தார்.
மூச்சு வாங்கப் படியில் நின்று சொன்னார்:
நீ வரலாம் அம்மா,
நகரம்தான் வரக்கூடாது.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று
அவர் கேட்கவில்லை.
நானும்...

இன்று பின்னேரம் எல்லைக்கோட்டைத் தொட்டுச் சொடுக்கினேன்.
இளஞ்சிவப்பு பரவியது, ஓசையில்லாமல்,
கொட்டில், பதாகை, தேவாலயக் கூரை,
கறிவேப்பிலைச் சாடி வைத்த என் யன்னல்.

அடுத்த கோடையிலிருந்து
கால்மணிக்கு ஒரு பஸ் ஓடும்.
எனக்கு அது வசதி.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.