மேஜைக் காலடியில்

மூன்று நாளாய் மழை.
தெலாவியில் திராட்சை லாரிகள்
சேற்றோடு மல்லுக்கட்டுகின்றன.

மக்வாலா
வாசிப்பறையின் இரும்பு நாற்காலிகளை வெளியே தள்ளினாள்.
‘அமைதி காக்கவும்’ பலகையைக் கழற்றினாள்;
சுவரில் அதன் அளவுக்கு மட்டும்
பழைய பச்சை.
அடுப்போரம் ஒரு சோபா,
அண்ணி வேண்டாமென்று கொடுத்தது,
பூனை முடியோடு.

பெரிய மேஜையை ஜன்னலுக்கு இழுக்கையில்
காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த காகித மடிப்பு
கழன்று விழுந்தது.
பிரித்தாள்.
ஏதோ நாவலிலிருந்து கிழித்த தாள்,
பக்கம் 211, 212.
ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.
உள்ளே செருப்புச் சத்தம்.
தாள் முடிந்துவிட்டது.

விளக்கோடு வந்த தெங்கிஸ்
எங்கே மாட்டவென்று
இரண்டு முறை கேட்டுவிட்டான்.
மேஜை ஆடுகிறது.
அலமாரிகளுக்கு நடுவே
தரையில் உட்கார்ந்து
மக்வாலா
213ஐத் தேடுகிறாள்.