ஒரு மணி நேர வேலை

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சொன்னேன்,
ஒரு மணி நேர வேலை.
ரெண்டு பக்கம் பிரேக் பேட், நாலு போல்ட்டு.
பத்துக்குக் குளியல், பதினொன்றுக்குக் கிளம்பினால்
மத்தியானச் சாப்பாடு நெய்வேலியில், உன் தங்கை வீட்டில்.
பெரியநாயகி பதில் சொல்லவில்லை.
பீரோவைத் திறக்கவும் இல்லை.
அரிசி களைகிற சத்தம் மட்டும் கேட்டது.

செம்மண்டலத்து மெக்கானிக் ஆயிரத்து நானூறு கேட்டான்.
பேட் விலை போக மிச்சத்தை
அவனுக்கு எதற்குத் தர வேண்டும்?
ஜாக்கி இருக்கிறது. ஸ்பானர் இருக்கிறது.
பதினேழு வருஷமாகப் பிளஸ் ஒன்னுக்கு
இயற்பியல் நடத்துகிறேன்.

மூன்று போல்ட்டு வந்தன.
மூன்றுக்கும் விசிலடித்தேன்.

நாலாவது, அசல் கடலூர்க்காரன்.
பன்னிரண்டு வருஷ உப்புக் காற்றைக் குடித்துக் குடித்து
காலிப்பரோடு ஒரே இரும்பாகிப் போனவன்.
தேங்காயெண்ணெய் விட்டேன்.
மண்ணெண்ணெய் விட்டேன்.
பிரேக்கில் எண்ணெய் படக் கூடாது என்பது
அதற்குப் பிறகு ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டுத் தேவநாதன் சிப்காட்டுக்கு
ரெண்டாம் ஷிப்ட் புறப்பட்டான்.
"என்ன சார், கார் வேலையா?"
"சின்ன வேலைதான்."

திருப்பு விசை என்பது விசை பெருக்கல் தூரம்.
கரும்பலகையில் ஒரு நாளும் தவறியதில்லை.
ஸ்பானர் முனையில் மூன்றடி ஜி.ஐ. பைப்பைச் சொருகி
முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டேன்.
டக்.
வந்துவிட்டது என்று சிரித்தேன்.
தலை மட்டும் வந்திருந்தது.

ராத்திரி பத்தே முக்காலுக்குத் தேவநாதன் திரும்பினான்.
வண்டியை நிறுத்தினான், பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான்.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

பிரேக் பிடிக்காமல் இருந்த கார்
மூன்று சக்கரமும் ஒரு கருங்கல்லுமாக
இப்போது அசையாமல் நின்றது.

ஞாயிறு, கடை இல்லை.
பெரியநாயகி ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து
நெய்வேலிக்குத் தனியாகப் போய்வந்தாள்.
எனக்கும் ஒரு டப்பாவில் பிரியாணி.
கறுத்த விரலோடு சாப்பிட்டேன்.
எத்தனை சோப்புப் போட்டாலும் அது கிரீஸ் பிரியாணிதான்.

திங்கள், காய்ச்சல் என்று லீவு சொன்னேன்.
மஞ்சப் பையில் காலிப்பரைப் போட்டுக்கொண்டு
டவுன் பஸ்ஸில் ஓ.டி. போய் இறங்கினால்
லேத் பட்டறை வாசலில் என் வகுப்புப் பையன்.
"சார், காய்ச்சல் எப்படி இருக்கு?"
அவன் மாமாவாம் ஜபருல்லா.
கண்ணாடியை ஏற்றி, இறக்கி, போல்ட்டைத் தடவிப் பார்த்து
"ஒரு மணி நேர வேலைதான், வச்சிட்டுப் போங்க" என்றார்.
நானும் பதில் சொல்லவில்லை.

புதன் சாயங்காலம் கிடைத்தது.
குழாயைக் கழற்றியதால் உள்ளே காற்று.
காற்றை வெளியேற்ற ரெண்டு பேர் வேண்டும்.
அவள் டிரைவர் சீட்டில், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு.
நான் சக்கரம் இல்லாத இடத்தில், குப்புற.
"மிதி."
"மிதிச்சாச்சு."
"விடாத."
"விடல."
"இப்ப விடு."
"விட்டாச்சு."
புதுப்பாளையம் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.
நாற்பது தடவை இருக்கும்.
கல்யாணமான இத்தனை வருஷத்தில்
சொன்னதும் மிதித்து, சொன்னதும் விட்டு
இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேசியதே இல்லை.
முப்பதாவது தடவைக்கு மேல் அவளே சொல்ல ஆரம்பித்தாள்,
"ம், மிதிக்கிறேன். பாத்துக்க."

மொத்தச் செலவு மூவாயிரத்து நூற்றுப் பத்து.
அவளிடம் ஆயிரத்து எண்ணூறு என்றேன்.

பதினோரு மணிக்கு தேவனாம்பட்டினம் வரை ஓட்டிப் பார்த்தோம்.
மணலுக்கு முன்னால், ரோடு முடிகிற இடத்தில் மிதித்தேன்.
நின்றது.
கடல், இந்த ஐந்து நாளையும் உப்பால் எழுதியது தானே என்கிற
குற்றவுணர்ச்சி ஏதுமில்லாமல், அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து
கீச், என்று ஒன்று.
அடுத்த வேகத்தடையில் மறுபடி
கீச்.

நான் ரேடியோவைப் போட்டேன்.
அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.