நம்பியாற்றுப் பாலம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடையாது.
பரிசுத்த நாளில் பஸ் ஓடக் கூடாதென்று
எந்த ஐயரும் டெப்போவுக்கு எழுதிப்போடவில்லை.
கோயிலில் மணி அடிக்கும்போது நான்
திசையன்விளை வண்டியில்
விசிலும் சில்லறையுமாக நிற்பேன்.
ஜெபம் நடக்கும்,
ஸ்டாப்புக்கு ஸ்டாப் அறுந்து அறுந்து.

நீர் என்றுதான் உம்மை அழைக்கப் பழக்கினார்கள்.
நீர் இரங்கும். நீர் பாரும். நீர் வாரும்.
மூன்று வருசம் ஞானசொரூபியின் கட்டிலோரம்
இதையேதான் சொன்னேன்.
அவள் போன ஆவணிக்குப் பிறகும் சொல்கிறேன்,
பூட்டின வீட்டு வாசலில்
குரல் கொடுக்கிற மாதிரி.

அன்றைக்கு நடுப்பாலத்தில் டயர் பஞ்சர்.
ஸ்டெப்னியும் மொட்டை.
டிரைவர் வேலாண்டி
முருகனையும் டெப்போ மேனேஜரையும்
ஒரே மூச்சில் கூப்பிட்டார்.
எல்லாரும் இறங்கினோம்.

கீழே ஆறு. பேரிலேயே நம்பி.
உடைமரம், பாட்டில் சில்லு, டிராக்டர் தடம்.
கைப்பிடிச் சுவரில் எம்பிப் பார்த்த பொடியன்
"தண்ணியே இல்லாததுக்கு எதுக்கு மாமா பாலம்?" என்றான்.
அவன் அம்மா காதைத் திருகினாள்.
பதில் அவளிடமும் இல்லை.

அப்போது ஒரு செவலை நாய்,
விலாவை எண்ணிவிடலாம்,
மணலை முகர்ந்தது, நாலடி தள்ளி முகர்ந்தது,
பிறகு ஒரே இடத்தில் பறிக்கத் தொடங்கியது.
வெள்ளை மணல் பறந்தது. பழுப்பு மணல் பறந்தது.
அப்புறம் கறுப்பாய், கட்டி கட்டியாய்.
அந்தக் குழியில் வயிற்றைப் பதித்துப் படுத்து
மோவாயை நீட்டி
கண்ணை மூடிக்கொண்டது.

இறங்கிப் போனேன், ஏனென்று தெரியாது.
நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.
குழியோரம் கை வைத்தேன்.
ஈரம்.
சித்திரை மாசம், பதினொரு மணி வெயிலில்
ஈரம்.
குளிக்க ஆகாது, ஒரு தம்ளர்கூடத் தேறாது.
ஆனால் மலையிலிருந்து கடலுக்கு
அது போய்க்கொண்டுதான் இருக்கிறது,
என் செருப்புக்குக் கீழே,
யாரிடமும் சொல்லாமல்.

நீர், என்றேன்.
ஆற்றைப் பார்த்துச் சொன்னேனா
உம்மைப் பார்த்துச் சொன்னேனா
எனக்கே பிடிபடவில்லை.
சிரிப்பு வந்தது,
ஆற்று நடுவில், காக்கிச் சட்டையோடு,
சத்தமாக.

சொரூபி வரவில்லை. ஆறும் வரவில்லை.
டயர் வந்தது. வேலாண்டி ஆரன் அடித்தார்.
ஜன்னலோரம் இருந்த பொடியனிடம் சொன்னேன்:
"ஆறு இருக்குடே. அதுக்குத்தான் பாலம்."
அவன் நம்பவில்லை.
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
காய்ந்துபோயிருந்தது.
அதற்கும் சிரிப்புதான் வந்தது.